கல்யாணம் ஆன கையோட கும்பகோணத்துக்குக் குடி போறோம், அங்க யாரையும் தெரியாது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், செட்டில் ஆக என்ன பண்ணணும்?

நாங்களும் இப்படித்தான் வந்தோம். ரெண்டு பேருக்குமே சிவகாசி, தை மாசம் கல்யாணம், அவருக்கு பேங்க் வேலை, 2024 மாசியில இங்க போஸ்டிங் போட்டுட்டாங்க, சீர் பாத்திரத்தக் கூட பிரிக்காம அப்படியே வண்டியில ஏத்திட்டு வந்தோம். இந்தப் பக்கம் சொந்தம்னு ஒருத்தர் கிடையாது. அதனால நான் பாத்ததை வச்சே சொல்றேன். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்லணும்னா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மட்டுமே நம்பிக்கிட்டு இந்த ஊர்ல இருக்காதீங்க, ஆளுக்கு நாலு மனுஷங்கள தனித்தனியா சம்பாதிச்சுக்கோங்க. வேலைக்குப் போறவங்களுக்கு ஆபீஸ்ல ஆள் கிடைச்சிருவாங்க. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் அது தானா நடக்காது, அதுக்கு வீடு எந்தத் தெருவுல இருக்குங்கறது ரொம்ப முக்கியம்.

கும்பகோணம் டவுன் வடக்க காவிரிக்கும் தெக்க அரசலாறுக்கும் நடுவுல இருக்கு. ஆத்தத் தாண்டி, பைபாஸ் பக்கம்லாம் புது நகர் நிறைய வந்திருக்கு, வீடு பெருசா காத்தோட்டமா இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்கும், ஆனா பகல்ல பத்து மணிக்கு மேல தெருவுல ஒரு ஆள் இருக்காது. பழைய தெருவுல வீடு குறுகலா நீளமா இருக்கும், திண்ணை, ரேழி, முற்றம், கொல்லைனு போய்க்கிட்டே இருக்கும், வெளிச்சம் கம்மி, ஓதம் ஏறும், பைக்கையே திண்ணை ஓரமாத்தான் சாத்தி வைக்கணும். அப்படி இருந்தும் நான் பழைய தெருவுக்குத்தான் ஓட்டு போடுவேன். நாங்க தாராசுரத்துல ஒரு தறிக்காரங்க தெருவுல மாடி போர்ஷன் எடுத்தோம். காலையில தெரு நீளத்துக்கும் நெசவுக்கான பாவு நூல இழுத்துக் கட்டி வேலை பாப்பாங்க, தறிச்சத்தம் பக்கத்து வீட்டுல இருந்து மதியம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும், புது ஊர்ல தனியா இருக்கறவளுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு தைரியம்னு அனுபவிச்சாத்தான் தெரியும். காய்கறிக்கும் கஷ்டம் இல்ல, மொத்த மார்க்கெட் தாராசுரத்துலயே இருக்கு, காலையில சீக்கிரம் போனா வாழைப்பூ, தண்டு, கீரை எல்லாம் அப்பத்தான் வந்து இறங்கியிருக்கும்.

வீடு பாக்கும்போது அசைவம் சமைக்கலாமான்னு முதல் பேச்சுலயே கேட்டுருங்க. சில தெருவுல முடியாதுன்னு நேரடியா சொல்லிருவாங்க, சில இடத்துல என்ன ஆளுங்கன்னே கேப்பாங்க. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது, கேட்ட வீட்டை நாங்க எடுக்கல, நீங்களும் எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன், வேற வீடு கண்டிப்பா கிடைக்கும். அப்புறம் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கான்னு பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், தனி மீட்டர் இருந்தாத்தான் அது முழுசா உங்களுக்கு வரும்.

அன்றாடம்னு கேட்டீங்கள்ல, இங்க காலை நேரம் ரொம்ப சீக்கிரமே ஆரம்பிச்சிரும். வாசல் தெளிச்சு கோலம் போடற நேரத்துலதான் பேச்சு, அப்ப வெளிய வந்தவங்களுக்கு தெரு பழகிரும், ஏழு மணிக்கு மேல கதவைத் திறந்தா யாரையும் பாக்க முடியாது. எங்க வீட்டுல ரெண்டு பக்கமும் டீதான், இங்க வந்து காபிக்கு மாறிட்டோம். காபித்தூள் கடையில நின்னா சிக்கரி எவ்வளவு போடணும்னு கேட்டு கண்ணு முன்னாடியே அரைச்சுத் தருவாங்க, மாசத்துக்குச் சேத்து வாங்காம கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க, வாசனை நிக்கும். ஞாயித்துக்கிழமை டிபன் கடையில கடப்பா இருக்கான்னு கேட்டுப் பாருங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு சோம்பு தேங்காய் அரைச்சு விட்டது, இட்லிக்கு அது மாதிரி ஒண்ணு எங்க ஊர்ல நான் சாப்பிட்டதே இல்ல. ஹவுஸ் ஓனர் அம்மா எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது ஈயச்சொம்புல ரசம் வைக்கறது. புளித்தண்ணியோ பருப்புத்தண்ணியோ உள்ள இருந்தாத்தான் அடுப்புல வைக்கணும், வெறுஞ்சொம்ப வச்சா உருகி ஓடிரும், பக்கத்துலயே நிக்கணும்னு சொல்லி ரெண்டு மூணு தடவ கூடவே நின்னாங்க. அந்த அடுப்படியிலதான் எனக்கு இந்த ஊர்ல முதல் சிநேகம் கிடைச்சது.

ஆறு பத்தி சொல்லாம இந்த ஊரப் பத்தி சொல்லவே முடியாது. நாங்க வந்தப்ப காவிரி வெறும் மணல். முந்தின வருஷம் அக்டோபர்லயே மேட்டூர்ல தண்ணி நிறுத்திட்டாங்க, அதனால சம்பா நெல்லுல நிறைய பேருக்கு அடி, கடைத்தெருவுலயும் சுரத்தே இல்ல. எனக்கு அப்ப புரியல, தண்ணி இல்லன்னா விவசாயிக்குக் கஷ்டம் சரி, துணிக்கடைக்காரர் ஏன் இவ்வளவு கவலையா பேசறாருன்னு இருந்தது. அவரு பேங்க்ல இருந்து வந்து சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சது, இங்க நகைக்கடன் வைக்கறது, திருப்பறது, கல்யாணம் பேசறது, வண்டி வாங்கறது எல்லாமே ஆத்துத்தண்ணியப் பாத்துத்தான். வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறக்கணும், 2024ல ஜூலை 28தான் திறந்தாங்க, அதுவரைக்கும் பஸ்ல, ரேஷன் கடையில, கோயில்ல எங்க போனாலும் மேட்டூர்ல எத்தனை அடின்னுதான் பேச்சு. அடுத்த வருஷம் ஜூன் 12க்கே திறந்துட்டாங்க, அப்ப குறுவை நெல் நடவு நடக்கற வேகத்தையும் அதே கடைத்தெருவையும் பாத்தோம், ஆளே மாறிப்போச்சு. நீங்களும் வந்ததுல இருந்து இதக் காதுல வாங்கிக்கிட்டே இருங்க. இங்க யார்கிட்ட பேச்சு ஆரம்பிக்கணும்னாலும் தண்ணி வந்திருச்சான்னு கேட்டா போதும், அவங்க நிலம், பையன் படிப்பு வரைக்கும் சொல்லிருவாங்க.

உங்கள்ல யாராவது பேங்க், இன்சூரன்ஸ், உரக்கடை மாதிரி விவசாயத்தோட ஒட்டின வேலையா இருந்தா இன்னொன்னு தெரிஞ்சுக்கோங்க. நவம்பர்ல சம்பா பயிர்க் காப்பீடு கடைசித் தேதி நெருங்கும்போது வீட்டுக்கு வர ராத்திரி ஆயிரும், தீபாவளியும் மழையும் அதே சமயத்துலதான். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா நல்லது, சாப்பாட்டுக்குக் காத்திருந்து கோவத்துல முடியற ராத்திரி புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு ரொம்ப வலிக்கும்.

கல்யாண மாலையத் தூக்கிப் போட்றாதீங்க. இது யாரும் எங்களுக்கு முன்னாடி சொல்லல. ஆடி பதினெட்டுக்கு புதுசா கல்யாணம் ஆனவங்க அந்த மாலைய ஆத்துல விடறது இங்க வழக்கம், எதிர்வீட்டு அக்கா ஆனியிலயே மாலை எங்கன்னு கேட்டுட்டாங்க, அது சிவகாசியில எங்க அம்மா வீட்டுப் பரண்ல இருந்தது. செங்கோட்டையில இருந்து மயிலாடுதுறை வர்ற ரயில் சிவகாசி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியா கும்பகோணம் வரும், அதுல அம்மா காஞ்ச மாலைய ஒரு அட்டைப்பெட்டியில வச்சு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாங்க. தெக்க இருந்து வர்றவங்க அந்த ரயில மறக்காம குறிச்சு வச்சுக்கோங்க, பஸ் மாறி மாறி வர்றதுக்கு ஆயிரம் மடங்கு மேல். அன்னைக்கு பகவத் படித்துறையில நிக்க இடம் இல்ல, காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி, பழம் எல்லாம் வச்சுப் படைச்சு, பெரியவங்க மஞ்சக்கயிறு கட்டி விட்டாங்க, எனக்குக் கட்டி விட்டது முன்னப்பின்ன தெரியாத ஒரு அப்பாயி, நூறு வருஷம் நல்லா இருங்கன்னு ரெண்டு பேர் தலையிலயும் கைய வச்சாங்க. எங்க ஊர்ல குடிதண்ணிக்கே குழாயப் பாத்துக்கிட்டு இருந்து வளர்ந்தவ நான், ஆத்துல தண்ணி ஓடறதுக்கு ஒரு ஊரே கும்பிடறதப் பாத்து அழுதுட்டேன். ஆடியில பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்பற பழக்கம் உங்க வீட்டுல இருந்தாலும் அந்த ஒரு நாளைக்கு இங்க இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

கஷ்டமும் இருக்கு. கொசு, அது வருஷம் பூரா இருக்கு, ஜன்னலுக்கு வலை அடிச்சுக் கொடுத்தா அட்வான்ஸ் தர்றேன்னு முதல்லயே பேசிருங்க. ஐப்பசி கார்த்திகையில துணி காயாது, அரிசி மூட்டையில இருந்து பீரோ வரைக்கும் ஓதம், தறிக்குழியிலயே தண்ணி ஊறி நெசவு நின்னுரும், அந்த ரெண்டு மாசம் தெருவுல எல்லார் கையும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். அறுப்பு சமயத்துல ரோட்டுலயே நெல்லைக் காய வச்சிருப்பாங்க, ராத்திரி பைக்ல வந்தா மெதுவா வாங்க.

இதெல்லாம் கூட பழகிரும். பழகறதுக்கு நேரம் ஆகறது ரெண்டு விஷயம். ஒண்ணு விருந்தாளிங்க. நவக்கிரக கோயில் போறவங்க நிறைய பேர் கும்பகோணத்துலதான் தங்குவாங்க, நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் ரெண்டு பக்கச் சொந்தமும் திருநாகேஸ்வரம், ஆலங்குடி, சூரியனார்கோயில்னு வேன் வச்சு வந்து இறங்குவாங்க. வரட்டும், சந்தோஷம்தான், ஆனா ஒரே ரூம் இருக்கற வீட்டுல ஒவ்வொரு சனி ஞாயிறும் எட்டுப் பேர்னா புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குன்னு ஒரு நாளே மிச்சம் இருக்காது. நாங்க மாசத்துல ஒரு ஞாயிறு யார் கேட்டாலும் ஊர்ல இல்லன்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணோம், அதுவும் அவங்க வீட்டுக்கு அவரு சொல்லணும், எங்க வீட்டுக்கு நான் சொல்லணும். அந்த ஞாயிறு சாயங்காலம் தாராசுரம் கோயில் புல்தரையில போய் உக்காந்திருப்போம். ரெண்டாம் ராஜராஜன் கட்டின கோயில், 2004ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, வெளியூர்க்காரங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம் தெருப்பிள்ளைங்க மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும். எங்களோட முக்கியமான பேச்செல்லாம், வீடு வாங்கறதா, ஊருக்குத் திரும்பறதா, எல்லாம் அங்க பேசினதுதான்.

இன்னொன்னு விசேஷம் உண்டான்னு கேக்கறது. மூணாவது மாசத்துல இருந்தே ஆரம்பிச்சிரும், கேட்டுட்டு உடனே திருக்கருகாவூர் போயிட்டு வாங்கன்னு சொல்வாங்க, பக்கத்துலதான், வெட்டாத்தங்கரையில கர்ப்பரட்சாம்பிகை கோயில். அன்புலதான் கேக்கறாங்க, எனக்கு அதுல சந்தேகம் இல்ல, ஆனா நம்ம நேரம் நம்ம முடிவு. நான் எங்க ஓனர் அம்மாகிட்டதான் மனசு விட்டு சொன்னேன், அம்மா, நாங்க ரெண்டு வருஷம் போகட்டும்னு இருக்கோம், கேக்கும்போது எனக்குக் கஷ்டமா இருக்குன்னு. அதுக்கப்புறம் தெருவுல யாரும் கேக்கல, அவங்க எல்லார்கிட்டயும் பேசியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். கோயிலுக்கு அப்புறம் நாங்களா போனோம், கேட்டுக்கறதுக்குன்னு இல்லாம சும்மா பாக்கறதுக்கு, ரொம்ப அழகான கோயில்.

பேப்பர் வேலை வேகமா சொல்லிடறேன். கல்யாணத்த 90 நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிருங்க, அதுக்கப்புறம்னா அபராதம். ரேஷன் கார்டுக்கு ரெண்டு பேர் பேரையும் பெத்தவங்க கார்டுல இருந்து எடுத்தாத்தான் புதுசுக்கு விண்ணப்பிக்க முடியும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே பேரை எடுக்கக் கொடுத்துருங்க.

கடைசியா வேலை. நான் பி.காம், இங்க வந்து கொஞ்ச நாள் வீட்டுலதான் இருந்தேன், அவரு ஏழரைக்கு வர்ற வரைக்கும் பேச ஆள் இல்லாம அவரு வந்ததும் மொத்தத்தையும் அவர்கிட்டயே கொட்டுவேன், அவருக்கும் அது பாரமா இருந்தது, ரெண்டு பேருக்குமே அது நல்லது இல்ல. எதிர்வீட்டு அக்கா பட்டுப்புடவை கொடுக்கற கடையில கணக்குப் பாக்கற ஆடிட்டருக்கு ஆள் வேணும்னு அவங்கதான் சொன்னாங்க, இப்ப அங்க கம்ப்யூட்டர்ல டேலியில கணக்கு பாக்கறேன். இந்த ஊர்ல பட்டுக்கடை, பாத்திரக்கடை, அரிசி மில், நகைக்கடைன்னு நிறைய இருக்கறதால கணக்கு தெரிஞ்சவங்களுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்ல, ஸ்கூலும் நிறைய, ஐடி மாதிரி வேலைன்னா வீட்டுல இருந்து பாக்கறதுதான் வழி. சம்பளம் சென்னை மாதிரி எதிர்பாக்காதீங்க. ஆன்லைன்ல தேடறதோட நிறுத்தாம தெருவுல நாலு பேர்கிட்ட நான் இது படிச்சிருக்கேன், வேலை தேடறேன்னு வாய் விட்டு சொல்லி வைங்க, இங்க முக்கால்வாசி வேலை அப்படித்தான் வருது.