பயணம் போக வைப்பை உடைக்க வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு 8 வயதும் 12 வயதும். மாமியும் கூட இருக்கிறார். மாதம் கைக்கு வருவது 280,000 ரூபா, செலவு 190,000. சேமிப்பு 24 இலட்சம். வட்டி கொஞ்சம் கூட என்பதால் அது முழுவதும் வாசகியின் பெயரில் ஒரே நிதி நிறுவனத்தில் ஒரு வருட நிலையான வைப்பாக இருக்கிறது, மார்ச்சில் முதிர்கிறது. ஓகஸ்டில் திருகோணமலையில் ஒரு கிழமை, டிசம்பரில் மாமியையும் கூட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் இரண்டு கிழமை போய்வர வேண்டும் என்பது கணவரின் ஆசை. இரண்டுக்கும் சேர்த்து ஆறு இலட்சம் வேண்டும். "2022 பொருளாதார நெருக்கடியை நினைத்தால் காசைத் தொடவே பயமாக இருக்கிறது. பங்குச் சந்தையில் போட்டால் பயணச் செலவை அதிலேயே எடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

சகோதரி, இரண்டு பயணமும் போய் வாருங்கள். ஆனால் அந்த 24 இலட்சத்திலிருந்து ஒரு சதமும் எடுக்காதீர்கள். எடுக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.

உங்கள் கணக்குப்படி மாதம் 90,000 ரூபா மிஞ்சுகிறது. சம்பளக் கணக்கிலேயே கிடக்கும் பணம் எப்படிப் போகிறது என்று தெரியாமலே போய்விடும். ஆகவே பயணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, சம்பளம் விழும் நாளிலேயே 55,000 ரூபா தானாக அதற்குப் போகும்படி வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். ஜனவரியிலிருந்து நவம்பர் வரை 11 மாதத்தில் 605,000 சேர்ந்துவிடும். ஓகஸ்ட் பயணத்துக்கு ஒன்றரை இலட்சம் எடுத்தாலும் செப்டெம்பர் முடிவில் மூன்றரை இலட்சத்துக்குக் கிட்ட இருக்கும். டிசம்பர் விமான டிக்கெட்டுகளை அந்த நேரத்தில் வாங்கிவிடலாம். ஒரு மாதம் வைத்தியச் செலவு வந்து 55,000 போட முடியவில்லையா? பயணத்தில் இரண்டு நாளைக் குறையுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கிப் பிறகு கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். பங்குகள் கூடாதவை என்று நான் சொல்லவில்லை. திகதி குறித்த செலவுக்கு அவை பொருந்தாது. 2022 ஏப்ரலில் கொழும்பு பங்குச் சந்தையை ஒரு கிழமை மூடியே வைத்தார்கள். திறந்திருக்கும் நாளில்கூட, நீங்கள் விற்க வேண்டிய கிழமையில் விலை இறங்கியிருந்தால் நட்டத்துக்குத்தான் விற்க வேண்டும். டிசம்பரில் மாமியைக் கூட்டிப்போகும் காசு நவம்பரில் இருந்தே ஆக வேண்டும். மாதம் மிஞ்சும் மீதி 35,000 இல் பத்தாயிரத்தைப் பங்குகளில் முதலிடும் ஒரு யூனிட் ட்ரஸ்டில் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் நிதியம்) போட விரும்பினால் போடலாம், அதுவும் ஐந்தாறு வருடம் தொடாமல் விட முடியுமென்றால். அதற்கு, பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் ஆணைக்குழுவின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பயணம் அல்ல, 24 இலட்சமும் ஒரே இடத்தில் இருப்பதுதான். பயணத்துக்குப் பயப்படும் நீங்கள் இதற்குப் பயப்படவில்லையே என்றுதான் எனக்குப் பட்டது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் உள்ள வைப்புகளுக்குக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகவே கணக்கெடுப்பார்கள். அதாவது உங்கள் பணத்தில் 13 இலட்சம் இன்று காப்புறுதிக்கு வெளியே நிற்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம்தானே என்று இருந்துவிட முடியாது. தி ஃபினான்ஸ் கம்பனி பழைய, பேர் போன நிறுவனம். அதன் உரிமத்தை மத்திய வங்கி 2020 மே மாதம் இரத்துச் செய்தது. காப்புறுதி வரம்புக்கு மேல் போட்டிருந்தவர்கள் மீதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே மார்ச்சில் பணம் கைக்கு வந்ததும் அதைப் பிரித்துப் போடுங்கள். வட்டியும் சேரும் என்பதால், ஒருவர் பெயரில் ஒரு நிறுவனத்தில் 10 இலட்சத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் பெயரில் கொஞ்சம், கணவர் பெயரில் கொஞ்சம், இரண்டு மூன்று இடங்களில். அரை வீதம், ஒரு வீதம் வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் 5 வீதம்), ஆக 8 வீதம் என்று சொல்வது கையில் 7.2 ஆகத்தான் வரும். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். மாமிக்கென்று சொந்தச் சேமிப்பு இருந்தால் அவருக்கு இது உதவும்.

எப்படிப் பிரிப்பது? வயதானவர் இருக்கும் வீடு, ஆறு மாதச் செலவாவது அவசரத்துக்கு இருக்க வேண்டும். உங்களுக்கு அது 11 இலட்சத்துக்குச் சற்று மேல். அதில் இரண்டு இலட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதி ஒன்பதை மூன்று மூன்று இலட்சமாக மூன்று மாத வைப்புகளாகப் போடுங்கள், ஒன்றை மார்ச்சில், அடுத்ததை ஏப்ரலில், மூன்றாவதை மே மாதத்தில். ஜூனிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்று முதிரும். அவசரம் வந்தால் வைப்பை இடையில் உடைத்து வட்டியை இழக்க வேண்டியிருக்காது. எஞ்சும் 13 இலட்சம் பிள்ளைகளின் படிப்புக்கு. அதை ஒரு வருட வைப்புகளாகவும் 364 நாள் திறைசேரி உண்டியல்களாகவும் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள்) வைக்கலாம். உண்டியல்களை வங்கி மூலமோ முதனிலை வணிகர்கள் (அவற்றை மத்திய வங்கியின் ஏலத்தில் நேரடியாக வாங்கி விற்கும் நிறுவனங்கள்) மூலமோ வாங்கலாம். 2023 இல் அரசாங்கம் தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கி வைப்புகளைத் தொடவில்லை. பொதுமக்கள் வைத்திருந்த உண்டியல்களையும் தொடவில்லை.

பயணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்கு ஓகஸ்ட் நல்ல தெரிவு, கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சமையலறையுள்ள ஒரு வீட்டை ஒரு கிழமைக்கு எடுங்கள். காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் வீட்டிலேயே சமைத்தால் ஐந்து பேரின் செலவில் பெரிய பங்கு மிஞ்சும். திருச்சியிலும் அப்படியே. ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு தஞ்சாவூருக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம், 60 கிலோமீற்றருக்குள்தான். மூன்று ஊரில் மூன்று ஹோட்டல் என்று ஓடினால் காசும் போகும், மாமியின் காலும் வீங்கும். வைகுண்ட ஏகாதசி எப்போது வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஸ்ரீரங்கத்தில் அந்த நாட்களில் கூட்டம் தாங்காது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியதை நாம் பார்த்தோம், ஆகவே டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நேரத்தோடு கட்டிவிடுங்கள். இந்தியப் பணத்தை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ மாத்திரம் மாற்றுங்கள்.

சரி, இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதிர்வு நாளில் வைப்பு தானாகப் புதுப்பிக்கப்படும் என்று உங்கள் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதுப்பிக்க வேண்டாம் என்று பெப்ரவரியிலேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் 24 இலட்சமும் இன்னொரு வருடத்துக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.