செம்பும் களிம்பும்: ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு 54 வயது. குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்புதான். சாயங்காலம் கோயிலில் சொற்பொழிவு என்றால் போய் உட்கார்ந்துவிடுவேன். போன மார்கழியில் பேசியவர், செம்பில் களிம்பு என்கிற கறை மாதிரி உயிரை மலம் என்கிற அறியாமை அழுக்கு பற்றியிருக்கிறது, அருளால் அது நீங்கும் என்றார். வெள்ளிக்கிழமை நான் புளி போட்டுத் தேய்க்கிற செம்பு அடுத்த வெள்ளிக்குள் மறுபடி கறுத்துவிடுகிறது. அப்படியானால் முத்தி பெற்ற உயிருக்கும் மலம் திரும்ப வருமா? கேட்க எழுந்தேன், அதற்குள் பொன்னாடை போர்த்திச் சுண்டலும் கொடுத்துவிட்டார்கள். கேட்டதெல்லாம் வீடு வருவதற்குள் மறந்தும் போகிறது. முறையாகத் தத்துவம் படிக்க மாலை வகுப்பு உண்டா? சமஸ்கிருதம், இங்கிலீஷ் தெரியாது. "இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப்போற?" என்கிறார் வீட்டுக்காரர்.
- வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: சகோதரி, உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்ற தயக்கம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. செம்பைப் பற்றிக் கேட்டீர்களே, அந்தக் கேள்வியே போதும். உவமையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். நீங்கள் அதை அடுப்படிக்கு எடுத்துப்போய்ச் சோதித்திருக்கிறீர்கள்.

அந்த உவமை, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தில், இரண்டாம் சூத்திரத்துக்கு நூலாசிரியர் மெய்கண்டார் எழுதிய ஒரு வெண்பாவில் வருகிறது. நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, இவை புதிதல்ல, தொன்மையானவை என்கிறார். மலம் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல என்பதைக் காட்டத்தான் அங்கே செம்பு வருகிறது. நீங்கின பிறகு திரும்புமா என்பதற்கு அந்த வெண்பாவில் பதில் தேடக் கூடாது. அது தனிக் கேள்வி, கடினமான கேள்வியும்கூட. முத்தியில் மலம் இல்லாமலே போய்விடுகிறது என்று சித்தாந்தம் சொல்வதில்லை. அதன் சக்தி அடங்கிவிடுகிறது என்றுதான் சொல்கிறது. இன்னும் வியப்பு, நூலின் கடைசிச் சூத்திரம். ஞானம் பெற்றவருக்கே அது 'அம்மலங் கழீஇ அன்பரொடு மரீஇ' என்று சொல்கிறது: மலத்தைக் கழுவிக்கொண்டே இரு, அன்பரோடு சேர்ந்தே இரு. உங்கள் வெள்ளிக்கிழமைச் சந்தேகம் அந்த வரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். உரையோடு அந்தச் சூத்திரத்தைப் படிக்கும்போது அது உங்களுக்குப் பழகின இடமாக இருக்கும்.

இனி வகுப்பு. உங்கள் ஊரிலிருந்து திருவாவடுதுறை கூப்பிடு தூரம்தான். அங்குள்ள சைவ மடமான ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையம் நடத்துகிறது. இரண்டு வருடப் படிப்பு, மாதம் ஒரு முறை வகுப்பு, எல்லாம் தமிழில்தான். தினசரி மாலை வகுப்பு அல்ல என்றாலும் வேலை பார்க்கிறவர்களுக்குத் தோதானது. மடத்தில் நேரில் விசாரித்து, உங்களுக்குப் பக்கத்து மையம் எது, அடுத்த சேர்க்கை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையை ஒட்டித் தருமபுரம் ஆதீனமும் இருக்கிறது. அங்கேயும் விசாரியுங்கள். மூல நூல்களும் உரைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே படிக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க விடுகிறார்களா? விடவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் பாடம் ஆகாது. சொற்பொழிவை நான் குறை சொல்லவில்லை, அதுதான் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. ஆனால் பாடம் கேட்பது வேறு. ஒரே நூல், ஒரு நாளைக்கு நாலு வரி, புரியாத இடத்தில் நிற்பது, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்குவது. திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பிறகு 1880-ல் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. அந்த ஊர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் சமயம் இல்லையே என்று ஒதுக்கவில்லை. சித்தாந்தத்தில் கொஞ்சம் கால் ஊன்றியதும் மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையைப் படியுங்கள். ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், பூதவாதி என்று வெவ்வேறு கொள்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வாங்குகிறாள் மணிமேகலை. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தெரியாமல் எந்தத் தத்துவமும் முழுசாக விளங்காது.

வயசைப் பற்றி ஒரு வார்த்தை. அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு, ஆகமங்கள் அத்தனையும் கற்றவர், வயதில் மூத்தவர். அவர்தான் சிறுவரான மெய்கண்டாருக்கு மாணாக்கரானார் என்கிறது மரபு. பிறகுதான் சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூலை எழுதினார். 54 ஒன்றும் தாமதம் இல்லை.

மறந்துபோகிறது என்கிறீர்கள். அதற்கு நன்னூல் கணக்கே போட்டிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் நிற்கும், கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை. ஆகவே தெருவில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மாலை கிளை நூலகத்திலோ உங்கள் வீட்டுத் திண்ணையிலோ ஒரு பாட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த அரைப் பங்குக்கு வீட்டுக்காரரையே பிடியுங்கள். வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, படித்ததை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர் விடாமல் கேள்வி கேட்பார், நீங்களும் பதில் தேடிப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.