கோசோ தீவுக்குப் போகிறீர்களா? கேள்வி பதில்

மத்தியதரைக் கடலில் கூட்டமில்லாத தீவு எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கோசோ. மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு, பரப்பு 67 சதுர கிலோமீட்டர்தான். அங்கே தங்கி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுப்பவன் என்பதால் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, மால்டாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா? (கோவை வாசகி)

பார்க்கலாம், ஆனால் ஓய்வு கிடைக்காது. பகலில் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குவார்கள். கடைசிப் பயணிகள் கிளம்பிய பிறகுதான் இந்த ஊர் ஊராக இருக்கும். குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள் அம்மா. மார்சல்ஃபோர்ன், ஷ்லெண்டி இரண்டுமே கடலோர ஊர்கள். எனக்குப் பிடித்தது ஷ்லெண்டி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கோடையில் ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத் திருவிழா நடக்கும். வெடிச்சத்தம் நம்மூர் திருவிழாவுக்குக் குறையாது.

எப்படிப் போவது? விசா?

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கோசோவில் விமான நிலையம் இல்லை. மால்டாவில் இறங்கி வடமுனையிலுள்ள சிர்கெவ்வாவுக்குப் போனால், கார் ஏற்றும் பெரிய படகு சுமார் 25 நிமிடத்தில் இம்ஜார் துறைமுகத்தில் விடும். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் பணம். தலைநகர் வலெட்டாவிலிருந்து முக்கால் மணி நேர விரைவுப் படகும் உண்டு. வண்டிகள் இடப்பக்கம் ஓடும், ஆங்கிலமும் ஆட்சிமொழி. அதனால் நமக்குச் சிரமம் குறைவு.

அந்தப் புகழ்பெற்ற பாறை வளைவைப் பார்க்க முடியுமா? (திருச்சி வாசகர்)

முடியாது. அஸூர் விண்டோ என்ற அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஆனால் அது நின்ற, மேற்குக் கரையிலுள்ள துவெய்ராவுக்குக் கட்டாயம் போங்கள். அங்கே பாறைக்குள் கடல்நீர் நிற்கும் குளம் ஒன்று உண்டு. அதிலிருந்து சிறு படகில் ஏறினால் இருட்டுக் குகைப்பாதை வழியே திறந்த கடலுக்கு அழைத்துப் போவார்கள். குகைக்குள் போகையில் படகோட்டி வேகத்தைக் குறைப்பார். தலைக்கு மேல் பாறை, வெளிவாயில் நெருங்கும்போது தண்ணீர் அடியிலிருந்து விளக்குப் போட்டதுபோல நீலமாக மாறும். அலை அடித்தால் படகு ஓடாது.

ஸ்கூபா தெரியாது, கடல் பயம். இருந்தாலும் சாகசம் ஏதாவது செய்ய வேண்டும்.

முதலில் காற்றைப் பாருங்கள். இங்கே திட்டம் போடுவது காற்றுதான், நாம் இல்லை. வடமேற்குக் காற்று வீசினால் துவெய்ரா பக்கம் போகாதீர்கள். தெற்கே இம்ஜார் இஷ் ஷினி என்ற குறுகிய குடாவில் தண்ணீர் அமைதியாக இருக்கும். தெற்குக் காற்றென்றால் வடக்கே ரம்லா கடற்கரை, செம்மண் நிற மணல். தீவு சின்னது என்பதால் இந்த மாற்றத்துக்கு அரை மணி நேரக் கார் பயணம் போதும். ஆழமில்லாத குடாவில் பயிற்சியாளரோடு ஓர் அறிமுக டைவ் போடுங்கள். தண்ணீரே வேண்டாமா? பாறை ஏற்றம் இருக்கிறது, கடலோரச் செங்குத்துப் பாறைகளின் மேலே நடைபாதை இருக்கிறது. நல்ல ஷூ போடுங்கள், சுண்ணாம்புப் பாறை காலைக் கிழித்துவிடும்.

சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா அண்ணா?

வேண்டாம். ஆட்டுப்பால் சீஸ் ஜ்பெய்னா, கருமிளகு தடவியது, ஒரு ரொட்டியோடு போதும். பேக்கரியில் ஃப்திரா கேளுங்கள்: மாவின் மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது. நெத்திலி மாதிரி மீன் சேர்ப்பது வழக்கம், வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதானவர்களின் வீட்டு உணவு முயல்கறி. அது உங்களுக்கில்லை, எனக்கு.

கோவில் ஒன்று பிரமிடுகளுக்கும் முந்தையது என்கிறார்களே?

உண்மைதான். ஷாரா ஊரிலுள்ள ஜிகான்டியா, சுமார் கி.மு. 3600-ல் தொடங்கியது. இந்தக் கற்களைத் தோளில் குழந்தையோடு ஒரு ராட்சசி சுமந்து வந்தாள், அவரைப் பருப்பும் தேனும்தான் அவளுக்குச் சாப்பாடு என்று உள்ளூர்க் கதை. கோட்டைப் பிரியர்கள் விக்டோரியா நகரத்தில் சித்தடெல்லா ஏறலாம். 1551-ல் ஓட்டோமான் படை இத்தீவு மக்களில் பெரும்பாலோரை அடிமைகளாகப் பிடித்துப் போனது. அதன்பின் 1637 வரை இரவில் எல்லோரும் இந்தச் சுவருக்குள்ளேயே தூங்க வேண்டும் என்று சட்டம்.

பக்கத்துக் கோமினோ தீவின் ப்ளூ லகூன் குடாவுக்குப் போகலாமா?

2025 முதல் முன்பதிவு வேண்டும். கோடையில் கூட்டம்தான். மே, அல்லது அக்டோபர் என்றால் போங்கள்.

கடைசி நாளில் டைவ் செய்துவிட்டு விமானம் ஏறலாமா?

கூடாது. டைவுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள். டைவை முதலில் முடித்துவிட்டு, ஜிகான்டியாவையும் சித்தடெல்லாவையும் கடைசிக்கு வையுங்கள்.