கரப்பான் பண்டமும் சூரை மீனும்: உணவு அலர்ஜி கேள்வி-பதில்

வந்த கேள்விகளைப் பார்த்தால், காரணமே இல்லாமல் உணவை ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். உயிருக்கே ஆபத்தான நேரத்தில் ஒரு அவில் மாத்திரையோடு சும்மா இருந்துவிடுகிறவர்களும் நிறையப் பேர். எனக்கு இரண்டுமே கவலை தருகிறது.

என் மகளுக்கு ஆறு மாதம். கன்னத்திலும் கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா). வேர்க்கடலை, முட்டை, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம், ஐந்து வயது வரை கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். சரியா டாக்டர்? (வாசகி, விருதுநகர்)

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களும் இதையேதான் சொன்னோம். 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. 2015-ல் வெளியான லீப் ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. லண்டனில் கிடியன் லாக் தலைமையில் நடந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு, 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கி விடாமல் கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஐந்து வயது வரை கடலையே கிடையாது. ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

காரணம் தோலில் இருக்கிறது என்று நினைக்கிறோம். கரப்பானால் வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே நுழைந்தால், உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அதே உணவு வாய் வழியாகக் குடலுக்குப் போனால் பழகிக்கொள்கிறது. அதனால் வெடித்த தோலில் செக்குக் கடலை எண்ணெய் தேய்க்காதீர்கள். களிம்பையும் மாய்ஸ்ச்சரைசரையும் ஒழுங்காகப் போட்டு முதலில் தோலை ஆற்றுங்கள். கரப்பான் கடுமையாக இருந்தால், டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்த பிறகே கடலையை ஆரம்பிக்க வேண்டும். லேசானது என்றால் வறுத்து மைய அரைத்து, கஞ்சியில் கலந்து துளித்துளியாகத் தொடங்கலாம். நன்றாக வேகவைத்த முட்டையும் அப்படியே. முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

குழந்தைக்குப் பசும்பால் அலர்ஜி. ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

கூடாது. பசு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான். தாய்ப்பாலைத் தொடருங்கள். அது போதவில்லை என்றால், புரதத்தை நன்றாகச் சிதைத்துத் தயாரித்த பால் பவுடர் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது சரியாகிவிடும்.

சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வீட்டில் நான்கு பேருக்கும் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தது. இனி மீனே கூடாதா? (வாசகர், தூத்துக்குடி)

நான்கு பேருக்கு ஒரே நாளில் அலர்ஜி பிறக்காது. ஐஸ் போடாமல் கிடந்த மீனாக இருந்திருக்கும். சூரை, அயிலை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெப்பத்தில் பெருகும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியில் நம் உடம்பு வெளிவிடும் அதே பொருள்தான் இது, இங்கே மீனிலிருந்தே வந்திருக்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. கெட்ட வாடை வராமலும் இருக்கலாம். மீனை விட வேண்டாம், ஐஸில் வைத்து விற்கிறவரிடம் வாங்குங்கள்.

என் கணவருக்கு நாற்பது வயது. இத்தனை வருஷம் இறால் சாப்பிட்டவர், இப்போது சாப்பிட்டால் பத்து நிமிடத்தில் உதடு வீங்குகிறது. இது எப்படி?

இறால் அலர்ஜி பெரியவர்களான பிறகு புதிதாக வருவது சகஜம். இறாலில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதமே பெரும்பாலும் காரணம். தூசிப் பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் கிட்டத்தட்ட இதே புரதம் இருப்பதால், தூசி அலர்ஜி உள்ள சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. சமைத்தாலும் இது அழியாது. கொதிக்கும்போது வரும் ஆவியே சிலருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும். நண்டையும் நிறுத்துங்கள். மீனின் புரதம் வேறு, அது ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம்.

நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று லேபில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். அவற்றில் பல, ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான பரிசோதனைகூட, உங்களுக்கு அறிகுறி வந்த உணவுக்கு மட்டும் எடுத்தால்தான் பயன். பாசிட்டிவ் என்று வந்ததற்காக, இதுவரை நன்றாகச் சாப்பிட்டு வரும் உணவை நிறுத்தக் கூடாது. பட்டியலைப் பார்த்துப் பாலும் பருப்பும் முட்டையும் நிறுத்தப்பட்டு, எடை குறைந்து வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

முந்திரி சாப்பிட்டதும் என் தம்பிக்கு உடம்பெல்லாம் காணாக்கடி, மூச்சுத் திணறல், மயக்கம். கிளினிக்கில் அவில் ஊசி போட்டு உடனே அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

போதாது. இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் அவில் மாதிரி மருந்து போதும். மூச்சிரைப்பு, குரல் மாறுதல், தலைசுற்றல், விடாத வாந்தி சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குறையவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடலாம். அவில் தோல் அரிப்பைத்தான் குறைக்கும், விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைத்த மூச்சைத் திறக்காது.

108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். நடக்க விடாதீர்கள். சரியான மாதிரி தெரிந்து சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம், அதனால் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும். வெளிநாடுகளில் பேனா வடிவ அட்ரினலின் ஊசியைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். இங்கே அது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் என்ன வைத்துக்கொள்வது, எப்படிப் போடுவது என்பதை அலர்ஜி டாக்டரிடம் இந்த வாரமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அலர்ஜியை அடியோடு குணப்படுத்த மருந்து உண்டா?

இன்னும் இல்லை. ஒவ்வாத உணவையே மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டும் சிகிச்சை இருக்கிறது. வேர்க்கடலைக்கான அப்படியொரு மருந்துக்கு 2020-லும், ஐஜிஇ-யைக் கட்டுப்படுத்தும் ஒமலிசுமாப் ஊசிக்கு 2024-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தெரியாமல் கொஞ்சம் வாயில் போனால் வரும் ஆபத்தை இவை குறைக்கும். அதற்காக அந்த உணவை இஷ்டம்போலச் சாப்பிட முடியாது. வீட்டில் நீங்களாகவே கொஞ்சம் கொடுத்துப் பழக்கிப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில், அட்ரினலின் கையருகே இருக்கும்போது தொடங்கி, டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யும் சிகிச்சை இது.