பசுமைக் கொள்முதல்: அரசு அலுவலக ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 40 மின்விசிறி வாங்க வேண்டும். பி.எல்.டி.சி. வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட விசிறி) விலை கூடுதல். குறைந்த விலைப்புள்ளியை விட்டு அதை எடுத்தால் தணிக்கை ஆட்சேபணை வராதா?

பதில்: விலைப்புள்ளியைப் பிரித்த பிறகு "இது மின்சாரம் மிச்சம்" என்று குறிப்பு எழுதினால் கண்டிப்பாக வரும். டெண்டர் ஆவணத்தில் சொல்லாத அளவுகோலை வைத்து யாரையும் தேர்வு செய்ய 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இடம் கொடுக்காது. எனவே முதலிலேயே விவரக்குறிப்பில் எழுதிவிடுங்கள்: 1200 மி.மீ. வீச்சு, முழு வேகத்தில் 35 வாட்டுக்கு மிகாமல், நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்றுக்குக் குறையாமல், 5 நட்சத்திரம். பிராண்ட் பெயர் வேண்டாம். இதற்குள் வருபவர்களில் குறைந்த விலைக்காரரை எடுத்தால் கேள்விக்கே இடமில்லை.

வாட் மட்டும் எழுதி, காற்றின் அளவை விட்டுவிடாதீர்கள். காற்று போதாத விசிறி வந்தால் ஊழியர்கள் பக்கத்து விசிறியையும் சேர்த்துப் போடுவார்கள், மிச்சம் போய்விடும். சாதாரண விசிறி 75 வாட், இது 30 வாட் என்றால், நாளுக்கு 8 மணி நேரம், 250 நாள் ஓடினால் ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 90 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கைக் கோப்பிலேயே வையுங்கள்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அதன் வழியாக மின்சாரம் போனால் விசிறிக்குள் இருக்கும் சர்க்யூட் கெட்டுவிடலாம். ரிமோட் தொலைவதும் வழக்கம். உதிரி ரிமோட்டையும் டெண்டரில் சேருங்கள்.

கேள்வி: கரும்புச் சக்கைத் தாள், மறுசுழற்சித் தாள் எல்லாம் பிரிண்டரில் சிக்குகிறதே?

பதில்: பெரும்பாலும் குற்றம் தாளில் இல்லை, ஈரத்தில்தான். மழைக்காலத்தில் ரீமைப் பிரித்து மேஜையில் போட்டால் ஓரம் சுருளும். இரண்டு பக்கமும் அடிக்கும்போது அங்கேதான் சிக்கும். தேவைப்படும்போது மட்டும் உறையைப் பிரியுங்கள். கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். கரும்புச் சக்கையிலிருந்துதான் தாள் தயாரிக்கிறது. சக்கைத் தாள் என்றாலே மட்டம் என்பது தவறான எண்ணம்.

சரக்கு வந்ததும் எடை போடுங்கள். 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம்) ஏ4 ரீம் (500 தாள்) உறை நீங்கலாக சுமார் 2.34 கிலோ இருக்க வேண்டும். 2.2 கிலோவுக்கு நெருங்கினால் 70 ஜி.எஸ்.எம். வந்திருக்கிறது என்று அர்த்தம். எல்.டிஸ். (சில காலம் மட்டும் வைத்திருந்து அழிப்பது) ஆகப்போகும் கடிதத்துக்கு மறுசுழற்சித் தாளே போதும். ஆர்.டிஸ். (நெடுங்காலம் பாதுகாக்க வேண்டிய) கோப்புக்கு மட்டும் நல்ல தாள்.

கேள்வி: இருபக்க அச்சு அமைத்தும் சிலருக்கு ஒருபக்கமே வருகிறது.

பதில்: "பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்" அந்தப் பயனருக்கு மட்டும்தான். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் போய் மாற்றினால் அந்தக் கணினியில் எல்லாருக்கும் பொருந்தும்.

கேள்வி: கூட்டத்துக்குக் காகிதக் கப் வாங்கலாமா?

பதில்: கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள். கழுவும் வேலையை யார் பார்ப்பது என்று ஆணையிலேயே குறிப்பிடுங்கள். அது முடிவாகாத இடங்களில்தான் கப் திரும்ப வருகிறது.

கேள்வி: பழைய கணினிகளை மர நாற்காலிகளோடு ஒரே ஏலத்தில் விடலாமா?

பதில்: வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். அவர்களுக்குள் மட்டும் விலை கேளுங்கள், அரசுக்கும் பணம் வரும். டோனர் கார்ட்ரிட்ஜும் இதே கணக்கில் சேரும். யு.பி.எஸ். பேட்டரிக்குத் தனி விதி, தனியாகப் பிரியுங்கள். ஹார்ட் டிஸ்க்கை முன்பே கழற்றித் தரவை அழியுங்கள். எடுத்துச் செல்பவர் தரும் சான்றிதழில் "15 மானிட்டர்" என்று மொத்தமாக எழுதி வாங்கினால் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் எழுதி, கையொப்பம் வாங்கிய பிறகே பதிவேட்டில் கழியுங்கள்.