வெட்டுத் துணிக் கேள்விகள்: கால் இன்ச் கணக்கு முதல் கவந்தி வரை

ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பிட்டு, பழைய காட்டன் புடவை, சுடிதார் வெட்டியதில் விழுந்த ஓரத்துணி என்று வீட்டில் சேர்ந்துபோனதை வைத்து ஏதாவது தைக்கலாம் என்று உட்கார்ந்தவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய. பாதிப் பேருக்குத் தையலில் பிரச்சினையே இல்லை, வெட்டுவதில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாலு இன்ச் சதுரமாக ஒன்பது துண்டு வெட்டி, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்து குஷன் கவர் தைத்தேன். பன்னிரண்டு இன்ச் வர வேண்டியது பத்தரைதான் வந்தது. எங்கே தப்பு?

தப்பு தையலில் இல்லை, கணக்கில். துண்டுத் துணி இணைப்பதில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் இன்ச் தையலுக்குள் போகும். ஒரு துண்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை இன்ச். மூன்று துண்டுக்கு ஒன்றரை. நீங்கள் தேடுகிற ஒன்றரை இன்ச் அதுதான். தைத்து முடித்தபின் நாலு இன்ச் தெரிய வேண்டுமென்றால் நாலரையாக வெட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் மாட்டப்போவது இதில்தான். கால் இன்ச் என்பது இரண்டு நூல் (இங்கே நூல் என்பது அளவு, இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). அதை இரண்டரை நூலாகத் தைத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலுக்கு இரண்டு பக்கத் துணியிலும் அரை அரை நூல், ஆக ஒரு நூல் போய்விடும். எட்டுத் துண்டு வரிசையில் ஏழு தையல் வரும். ஏழு நூல், அதாவது முக்கால் இன்ச்சுக்கும் மேலே காணாமல் போகும். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. அப்போது இழுத்துப் பிடித்துத் தைப்பீர்கள், முழுத் துணியும் சுருங்கும்.

மெஷின் பாதத்தின் ஓரம்தான் கால் இன்ச் என்று நம்ப வேண்டாம், மெஷினுக்கு மெஷின் அது மாறும். அளவு டேப்பைப் பாதத்துக்கு அடியில் வைத்து, ஊசி நுனி சரியாகக் கால் இன்ச் கோட்டில் இறங்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டேப்பின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அதில் உரசிக்கொண்டே போகும். சரிபார்க்க, ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்து அயர்ன் செய்து பாருங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் டேப்பை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல் பெரிய போர்வையில் கை வைக்காதீர்கள்.

முக்கோணமாக வெட்டி இரண்டு கலர் சேர்த்தால் ஓரம் அலை அலையாக வருகிறது, சதுரமும் கோணலாகிவிடுகிறது.

முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வருகிறது. ஜாக்கெட் கழுத்துக்குக் கிராஸ் பட்டி ஏன் போடுகிறோம்? இழுபடும் என்பதால்தானே. அதே இழுபடும் குணம் இங்கே உங்களுக்கு எதிரியாகிறது. ஆகவே முக்கோணமாக வெட்டவே வேண்டாம். இரண்டு கலரிலும் ஒவ்வொரு சதுரம் எடுத்து, நல்ல பக்கம் உள்ளே வருமாறு ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இன்ச், அந்தப் பக்கம் கால் இன்ச் விட்டு இரண்டு தையல். அப்புறம் கோட்டிலேயே வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கலர். முடிந்தபின் மூன்று இன்ச் தெரிய வேண்டுமென்றால் நாலு இன்ச்சில் ஆரம்பித்து, இணைத்தபின் மூன்றரைக்குச் சீராக வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சமாக வெட்டி எறியும் அந்தச் சின்ன ஓரத்துக்காக வருத்தப்பட வேண்டாம்.

அயர்ன் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். மெல்லிய துணியென்றால் வெட்டுவதற்கு முன்னாலேயே லேசாக அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள், காகிதம் மாதிரி நிற்கும். வேலை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட வேண்டும். கஞ்சியோடு பீரோவில் மடித்து வைத்தால் வெள்ளிப் பூச்சிக்கு விருந்து.

சின்னத் துண்டு வைத்தாலே மெஷின் மூலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அக்கா, மெஷினை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஊசியை மாற்றுங்கள். காட்டன் பிட்டுக்குப் பதினாலாம் நம்பர் போதும், மல் மல் மாதிரி மெல்லிசாக இருந்தால் பதினொன்று. முனை மழுங்கிய ஊசி துணியைக் குத்தாமல் தகட்டின் ஊசித் துளைக்குள் தள்ளும். அடுத்து, நேராக அந்தத் துண்டில் ஆரம்பிக்காதீர்கள். உதவாத ஒரு துணித் துண்டை மடித்து முதலில் அதன்மேல் நாலு தையல் ஓட்டி, நூலை வெட்டாமல் உங்கள் துண்டை அதை ஒட்டினாற்போல் நீட்டுங்கள். பின்னால் ஏற்கெனவே துணி பிடிமானமாக இருப்பதால் மூலை உள்ளே போகாது. அது முடிந்ததும் அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று நூலை வெட்டாமலே விட்டுக்கொண்டு போகலாம். தோரணம் மாதிரி வரிசையாகத் தொங்கும், கடைசியில் கத்தரித்துக்கொண்டால் சரி. நூலும் மிச்சம். கால் மெஷின் வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு தையலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுவது நல்லது.

சிவப்புச் சுங்குடியையும் வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தைக்க ஆசை. சாயம் இறங்குமா? உப்பில் ஊறவைத்தால் நிற்குமா?

சேர்ப்பதற்கு முன்னால் சோதியுங்கள். ஒரு ஓரத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். கறை விழுந்தால் திரும்பத் திரும்ப அலசி, தண்ணீர் தெளிவாக வந்தபின்தான் வெட்ட வேண்டும். அப்படியும் இறங்கிக்கொண்டே இருந்தால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். கறுப்பு, காப்பிக்கொட்டை நிறத்தோடு சேருங்கள்.

உப்பு பாட்டி காலத்து நம்பிக்கை. சாயம் போடும்போது உப்பு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சாயமேறி முடிந்த துணியில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது.

இங்கே எங்கள் ஊரில் போர்வைக்கு உள்ளே வைக்கிற பஞ்சு ஷீட் கிடைப்பதில்லை. குழந்தைக்கு ஒரு விரிப்பும், அடுப்பில் பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணியும் தைக்க வேண்டும். உள்ளே என்ன வைக்கலாம்?

விரிப்புக்குப் பழைய காட்டன் புடவையை இரண்டு மூன்றாக மடித்து வைத்தாலே போதும், துவைத்துத் துவைத்து அதற்கு வந்திருக்கும் மென்மை கடைப் பஞ்சில் வராது. உள்ளே வைக்கும் துணியும் வெளித்துணியும் இரண்டுமே ஒருமுறை துவைத்ததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் பொம்மென்று நிற்கும். விரிப்பைக் கீழே விரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது கனமான போர்வையை மேலே போடக் கூடாது. பட்டனும் மணியும் வேண்டாம்.

பிடிதுணிக்கு பாலியஸ்டரோ பேக் தைக்கிற ஃபோம் ஷீட்டோ வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகும். தேய்ந்துபோன காட்டன் டர்க்கி டவலை இரண்டடுக்காக வையுங்கள். மேல்துணி, உள்துணி, தையல் நூல் மூன்றும் காட்டனாக இருக்க வேண்டும். நூலை மறந்துவிடுவார்கள்.

மெஷின் இல்லை. கையால் தைத்தே துண்டுத் துணிப் போர்வை போட முடியுமா?

முடியும். உண்மையைச் சொன்னால், கையால் போடுகிற முறைகள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் வங்காளத்து காந்தா எல்லாருக்கும் தெரியும். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது கவந்தி. வட கன்னட மாவட்டத்தில் ஹலியால், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், அவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பது. இதில் அளந்து வெட்டுவதில்லை. கால் இன்ச் கணக்கும் இல்லை. கிடைத்த துண்டு கிடைத்த அளவில்.

அடித்துணியாக ஒரு புடவையை விரித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அடித்துணியின் ஓரத்தையும் துண்டின் ஓரத்தையும் ஒன்றையொன்று பார்க்கும்படி உள்ளே மடித்து, சேர்த்து ஓட்டுத்தையல் போடுங்கள். துண்டின் உட்பக்க ஓரத்தை மடிக்காமல் விடலாம், அடுத்த சுற்றில் வரும் துண்டு அதை மூடிவிடும். அடுத்த துண்டின் ஓரத்தை மடித்து முதல் துண்டின்மேல் அரை இன்ச் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டே நாலு பக்கமும் சுற்றி வாருங்கள். சுற்றுச் சுற்றாக உள்ளே நகர்ந்து நடுவுக்கு வரும்போது கடைசித் துண்டுக்கு மட்டும் நாலு பக்கமும் மடிப்பு. தையல் வரிகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். எல்லாத் தையலும் அடித்துணி வரை இறங்குவதால் இணைப்பதும் பொதிந்து தைப்பதும் ஒரே வேலையில் முடிகிறது. மூலைக்கு மூலை சின்னத் துணிகளை முக்கோணமாக மடித்து வைத்து அவர்கள் முடிப்பார்கள். அதற்குப் பெயர் பூலா, பூ என்று அர்த்தம்.

தடித்த காட்டன் நூல் எடுங்கள், முழம் அளவுக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும். முதல் போர்வைக்குக் குழந்தை விரிப்பு அளவு போதும்.

பனியன் துணி வெட்டு நிறைய கிடைக்கிறது, திருப்பூரில் இருக்கிறேன். சேர்க்கலாமா?

காட்டனோடு கலக்காதீர்கள், இழுபடும். பின்னால் ஒட்டும் கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டி, பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசியில் தைத்தால் வரும். அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் பட்டியாக வெட்டிப் பின்னி மிதியடி போடுங்கள், அதற்கு இதைவிட நல்ல துணி இல்லை.

எந்த அளவுக்குக் கீழே இருந்தால் தூக்கிப் போடலாம்?

நான் ஒன்றரை இன்ச்சுக்குக் கீழே எதையும் தைக்க எடுத்து வைப்பதில்லை. இரண்டு பக்கமும் தையலுக்குப் போனால் ஒரு இன்ச் தெரியும், அதற்கும் குறைந்தால் கண்ணுக்கு வலி, கைக்கு வலி. மிச்சப் பொடித்துணியும் நூலும் குண்டூசி குத்தி வைக்கும் மெத்தைக்குள் போகட்டும். உடைந்த ஊசி மட்டும் அதில் கலந்துவிடாமல் தனியே ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள்.