திரும்பி வரும் வழியில் வாயைத் திறக்காதீர்கள்: விளையாட்டுப் பிள்ளைகளின் மனநலம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளையின் வயதே இல்லை. வயது, விளையாட்டு, தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி, எத்தனை மணி நேரம் தூக்கம்: இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன்.

மகனுக்கு வயது 13, நீச்சல். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், டைமிங்கும் மோசமாகிவிட்டது. சத்து டானிக் கொடுக்கலாமா? (மதுரை)

காலை நாலரைக்கு எழுகிறான், டியூஷன் முடித்து இரவு பதினொன்றுக்குப் படுக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை மணி நேரம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். டானிக் வேண்டாம். டியூஷனையோ வாரத்தில் மூன்று நாள் காலைப் பயிற்சியையோ நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து எழுதுங்கள்.

குகேஷுக்கு மனப்பயிற்சியாளர் இருந்தாராமே? எங்கள் பையனுக்கும் வைக்கலாமா? செஸ், வயது 8.

மனப்பயிற்சியாளர் பேடி அப்டனோடு உலகப் பட்டத்துக்குத் தயாரானபோது குகேஷுக்கு வயது பதினெட்டு. உங்கள் பையனுக்கு இப்போது தேவை, தெருவில் நாலு சிநேகிதர்கள்.

தவறுகளைச் சூடு ஆறும் முன் சொன்னால்தானே மனதில் பதியும்? மேட்ச் முடிந்து பைக்கில் வரும்போதே மகளிடம் சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் போட்டிக்கு முந்தின இரவு வாந்தி எடுக்கிறாள். பேட்மிண்டன், வயது 12. (ஈரோடு)

பதிலை உங்கள் கடிதத்திலேயே அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள்.

அந்த பைக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிட் பேக் முன்னால், பிள்ளை பின்னால். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முதுகுதான் அவளுக்குத் தெரியும். எழுந்து அடுத்த அறைக்குப் போகவும் வழியில்லை. "பதினெட்டுக்குப் பதினாலுன்னு லீடிங்ல இருந்துட்டு எப்படிம்மா விட்ட?" எப்படி விட்டாள் என்று அவளுக்குத் தெரியாதா? கோர்ட்டில் நின்றவள் அவள்தானே!

தோற்ற அரை மணி நேரத்தில் படபடப்பே அடங்கியிருக்காது. அப்போது சொல்லும் டெக்னிக் எதுவும் மண்டையில் ஏறாது. அப்பாவின் குரல் மட்டும் ஏறும். முந்தின இரவு அவள் வயிற்றைப் புரட்டுவது மேட்ச் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ திரும்பி வரும் அந்த வழிதான் என்று படுகிறது.

என் அப்பாவும் டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். 400 மீட்டரில் நான்காவதாக வந்த ஒரு நாள் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். ரேஸ் எப்படி ஓடினேன் என்பது மறந்துவிட்டது, அவர் பேச்சு மறக்கவில்லை.

"பசிக்குதா, என்ன சாப்பிடுற?" இது ஒன்றைத்தான் கேட்கலாம். தவறைத் திருத்தக் கோச் இருக்கிறார், மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறீர்கள். மறுநாள் அவளாக ஆரம்பித்தால் பேசுங்கள். கேலரியிலிருந்து கை காட்டுவதையும் நிறுத்துங்கள்; அதைக் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் செய்வீர்கள். வாந்திக்கு ஒருமுறை குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாதம் வாயைக் கட்டியும் நிற்கவில்லையென்றால் உளவியல் நிபுணரிடம் போகலாம். எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்? அதையும் எழுதவில்லை.

என் மாணவி நீண்ட தூர ஓட்டக்காரி, வயது 16. நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. கடுமையான பயிற்சி என்றால் இது சகஜம்தானே? (பி.டி. ஆசிரியர்)

சகஜமில்லை, சார். ஓடும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அறிகுறி இது. எலும்பு பலவீனமாகும், மனமும் சோர்ந்துபோகும். மூன்று மாதம் தாண்டினாலே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எல்லார் முன்னாலும் நிறுத்தி எடை பார்ப்பதை இன்றே விடுங்கள். எடை கூடிய 100 கிராமுக்காக 2024 பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து ஆளாளுக்கு எடை மெஷின் வாங்கிவிட்டார்கள். ஓட்டத்தில் எடைப்பிரிவு ஏது?

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். இனி இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. (விடுதி மாணவர், 17)

தம்பி, உனக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அதற்குக் காத்திருக்காமல் இன்றே 14416க்குப் போன் பண்ணு; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வார்டனிடமோ அம்மாவிடமோ இந்த வரியை அப்படியே காட்டு. இன்று இரவு தனியாக இருக்காதே.

மனநல மாத்திரை சாப்பிட்டால் டோப் டெஸ்டில் மாட்டுமா? வெளியே தெரிந்து செலக்‌ஷனும் போய்விடுமா?

மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுப் பிரச்சினைக்கான மெத்தில்ஃபெனிடேட் போட்டிச் சமயத்தில் தடை. அதற்கு முன்கூட்டியே டி.யூ.இ., அதாவது சிகிச்சைக்கான விலக்கு அனுமதி, வாங்க வேண்டும். விளையாட்டு வீரர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். செலக்‌ஷன் பயத்துக்கு: ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநிலை சரியில்லை என்று 2021 டோக்கியோவில் பாதியில் விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம்.

என் பையன் மெண்டலா ரொம்ப வீக். ஸ்ட்ராங் ஆக்க என்ன வழி?

வயது?